கட்டையும் காற்றும்: பிரார்த்தனை மண்டபத்துப் பெட்டியின் வரலாறு

பாட வரும் ஒருவரிடம் "எத்தனை கட்டை?" என்று கேட்பது தமிழிசை வழக்கு. ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று பதில் வரும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் நிற்பார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு என்று போவார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஐந்தரைக் கட்டையில் பாடினார்கள் என்பதை இன்றும் வியந்து சொல்வோர் உண்டு. இந்தக் 'கட்டை' எது என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. கட்டைபறிச்சான் என்று விலாசம் எழுதிய எங்களுக்கு அந்தச் சொல் புதிதாகவும் தெரியவில்லை. அது ஆர்மோனியத்தின் கட்டை. விரலால் அழுத்தும் வெள்ளைக் கட்டைகள் ஏழும் ஒன்று முதல் ஏழு வரை எண்ணப்படுகின்றன. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள். ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் உள்ள கறுப்புக் கட்டைதான் ஐந்தரை.

மேலைநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டி நமது குரலை அளக்கும் கோலாகிவிட்டது. அதே பெட்டியை நமது இசைக்கு ஆகாதது என்று அறிஞர்கள் தள்ளியும் வைத்தார்கள். சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்கப்பட்டபோது, அதிபர்களையும் கட்டடங்களையும் பற்றி எழுதப் பலர் இருப்பார்கள் என்று எண்ணினோம். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் நம் எல்லோருக்கும் முன்னால் இருந்த அந்தப் பெட்டியைப் பற்றி எழுத எங்களுக்கு விருப்பம் வந்தது.

மெலோடியன் என்னும் மூதாட்டி

ஆர்மோனியத்தின் உயிர் அதன் உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு. நாதஸ்வரத்துச் சீவாளியும் நாக்குத்தான். ஆனால் அதன் இரண்டு இதழ்களும் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. ஆர்மோனிய நாக்கு எதிலும் மோதுவதில்லை. தன் அளவுக்கே வெட்டிய ஒரு துவாரத்தினூடாக மேலும் கீழும் ஆடுகிறது. அதனால் இதைச் சுயாதீன நாக்கு என்பார்கள். சீனாவின் 'ஷெங்' என்ற வாய்க்கருவி இந்த முறையில் மிகப் பழையது. ஐரோப்பாவில் இதைக் கையாண்டவர்களுள் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் கிரட்சென்ஸ்ரைன். கோப்பன்ஹேகனில் பௌதிகமும் மருத்துவமும் கற்பித்த பேராசிரியர் அவர். மனிதக் குரலின் உயிரெழுத்துகளைக் குழாயும் நாக்கும் கொண்டு ஒலிக்கச் செய்ததற்காக 1780 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் கலைக்கழகத்தின் பரிசு அவருக்குக் கிடைத்தது. மருத்துவத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. நுரையீரலிலிருந்து எழும் காற்று குரல்நாண்களை அதிரச் செய்கிறது, தொண்டையும் வாயும் அந்த அதிர்வுக்கு வடிவம் கொடுக்கின்றன என்று உடற்கூற்றியலில் படித்ததை அவர் மரத்தாலும் உலோகத்தாலும் செய்து காட்டினார். துருத்தி, நாக்கு, பெட்டி என்ற மூன்றும் அதே வரிசையில் அமைந்தவைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த நாக்கை வைத்துப் பல பெயர்களில் பல கருவிகள் தோன்றின. இங்கிலாந்தில் 1830களில் 'செரபீன்' என்ற ஒன்று விற்பனைக்கு வந்தது. பாரிஸ் நகரத்து அலெக்சாண்டர் டெபேன் 1842 இல் தமது கருவிக்கு 'ஆர்மோனியம்' என்று பெயரிட்டு உரிமம் பெற்றார். அமெரிக்காவில் வளர்ந்த உறவுக்கருவிதான் 'மெலோடியன்'. ஆரம்பத்தில் அது மடியில் வைத்து, முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. பின்னர் கால் முளைத்து, மிதிகட்டை பெற்று, வீட்டுக் கூடத்தில் மேசைபோல நின்றது. 1846 இல் ஜெரமையா கார்ஹார்ட் என்பவர் உறிஞ்சும் துருத்திக்கு உரிமம் பெற்றார். பிரெஞ்சு ஆர்மோனியத்தில் காற்று நாக்கின் வழியே வெளியே தள்ளப்படும்; அமெரிக்க மெலோடியனில் உள்ளே இழுக்கப்படும். தள்ளினால் ஓசை அழுத்தமாகவும், இழுத்தால் மென்மையாகவும் வரும் என்பார்கள். பபலோ நகரத்துப் பிரின்ஸ் கம்பனியும், பின்னர் பொஸ்ரன் நகரத்து மேசன் அன்ட் ஹம்லின் கம்பனியும் இவற்றை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. பியானோ வாங்க வசதியில்லாத குடும்பமும், பெரிய ஓர்கன் வைக்க இடமில்லாத சிற்றூர்த் தேவாலயமும் மெலோடியனை வாங்கின. 1860களில் இன்னும் பெரிய பெட்டி ஓர்கன்கள் வந்ததும் அதன் காலம் முடிந்தது. இன்று இங்கிலாந்தில் மெலோடியன் என்றால் பொத்தான் வைத்த சிறிய அக்கோடியனைக் குறிக்கும்.

கருவியின் பெயரில் மண்டபங்கள்

மெலோடியனுக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. அது மண்டபங்களின் பெயராயிற்று. பொஸ்ரன் நகரின் வோஷிங்டன் வீதியில் இருந்த ஒரு நாடகசாலை 1839 இல் 'மெலோடியன்' என்ற பெயரில் இசைமண்டபமாயிற்று. பெயரைக் கேட்டவர்களின் காதில் 'மெலடி'யும், கிரேக்கர் தமது பாட்டு மண்டபத்துக்கு வைத்த 'ஓடியன்' என்ற பழைய சொல்லும் சேர்ந்தே ஒலித்திருக்கும். அடிமை முறையை எதிர்த்துப் பேசிய தியோடர் பார்க்கர் என்ற போதகருக்கு மற்றத் தேவாலயங்கள் கதவடைத்தபோது, 1845 முதல் 1852 வரை அவர் ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்தது இந்த மண்டபத்தில்தான். சின்சினாற்றியிலும் மெலோடியன் என்ற பெயரில் மண்டபம் இருந்தது.

மேற்குக் கரையில் அந்தப் பெயர் வேறு திசையில் போயிற்று. பொன் தேடி ஆட்கள் குவிந்த சான் பிரான்சிஸ்கோவில், மதுவும் ஆட்டமும் வேடிக்கைப் பாட்டும் நடந்த மலிவுக் கொட்டகைகளை மெலோடியன் என்றார்கள். நாளடைவில் அது ஒரு மண்டபத்தின் பெயராக இல்லாமல் அந்த வகைக் கொட்டகைகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. ஒரே சொல் ஓர் ஊரில் பிரசங்க மேடையையும் இன்னோர் ஊரில் மதுக்கடை மேடையையும் குறித்தது. உள்ளே என்ன ஒலித்ததோ அதுவே பெயருக்குப் பொருளாயிற்று.

நம்மிடமும் இப்படி உண்டு. யாழ் வாசித்த பாணன் ஒருவன் பரிசாகப் பெற்ற மணற்றிடல் யாழ்ப்பாணமாயிற்று என்பது ஐதீகம். ஒரு கருவியின் பெயரை ஒரு நாடே சுமக்கிறது. மட்டக்களப்பு மீன்பாடும் தேன்நாடு. திருகோணமலையில் பிறந்த பிள்ளைகளுக்கோ இராவணன் தன் கைநரம்பையே தந்தியாக்கிச் சாமகானம் இசைத்த கதை பாலோடு புகட்டப்பட்டது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.

வடக்கில் நடந்தது அமெரிக்கக் கதையின் மறுதலை. தமிழ்நாட்டு நாடகக் கம்பனிகள் கப்பலேறி வந்து, தகரத்தாலும் கிடுகாலும் கொட்டகை போட்டு, உள்ளே அரங்கு கட்டி, திரை தொங்கவிட்டு ஆடிய நாடகங்களை யாழ்ப்பாணத்து மக்கள் 'கொட்டகைக் கூத்து' என்றார்கள். அங்கே கருவி மண்டபத்துக்குப் பெயர் கொடுத்தது. இங்கே மண்டபம் கலைக்குப் பெயர் கொடுத்தது. இரண்டு இடத்திலும் உள்ளே ஒலித்தது ஒரே வகைப் பித்தளை நாக்குத்தான்.

கடல் வழி வந்தது

ஐரோப்பிய ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிப்பது, நாற்காலி வேண்டும். நாமோ பாயில் இருந்து பாடுகிறவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பவர் மிதிகட்டையை நீக்கி, துருத்தியைப் பெட்டியின் முதுகில் பொருத்தி, இடக்கையால் காற்றடித்து வலக்கையால் வாசிக்கும்படி செய்தார். அவருடைய துவார்க்கின் கம்பனியின் பெயர் இந்தியாவெங்கும் பரவிற்று. சுரத்தைத் தொடர்ந்து நிறுத்திவைக்கும் குமிழ்கள் சேர்ந்தபோது அந்தப் பெட்டி முழுக்க நமதாகிவிட்டது. ஆர்மோனியம் பிறந்த ஐரோப்பாவில் அது அரும்பொருட்காட்சிச் சாலைக்குப் போய்க்கொண்டிருக்க, இங்கே கோயில் பஜனையிலும் நாடகமேடையிலும் திருமணவீட்டிலும் அது ஒலித்தது.

இலங்கைக்கு அது இரண்டு வழிகளில் வந்தது. முதலாவது மிஷன் வழி. வெஸ்லியன் மிஷனரிமார் 1814 இலும் அமெரிக்க மிஷனரிமார் 1816 இலும் இங்கு வந்து பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார்கள். 1824 இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை ஆசியாவிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. தமிழ்ப் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்று கூட்டாகப் பாடும் வழக்கம் இத்தகைய பாடசாலைகளில் வேர்விட்டது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் தமிழ்க் கீர்த்தனைகளும் மேலைநாட்டு ஞானப்பாட்டுகளும் ஒரே மண்டபத்தில் பாடப்பட்டன. பிள்ளைகளை ஒரே சுருதியில் நிறுத்த ஒரு கருவி வேண்டியிருந்தது. பின்னால் வந்த சைவப் பாடசாலைகளும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் பாட்டை மாற்றின. தேவாரமும் திருப்புகழும் வந்தன. பெட்டியை மாற்றவில்லை.

இரண்டாவது நாடக வழி. பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பனிகள் கொழும்புக்கு வந்து ஆடியபோது சிங்கள மேடை அந்தப் பாட்டில் மயங்கிற்று. அதிலிருந்து வளர்ந்ததே நூர்த்தி. 1911 இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் ஹோல் அரங்கு அந்த நாடகங்களின் தாய்வீடாயிற்று. அங்கே பாடிய பாட்டுகளை இன்றும் 'டவர் ஹோல் பாட்டு' என்றே சிங்கள மக்கள் சொல்கிறார்கள். மண்டபத்தின் பெயர் பாட்டின் பெயரான இன்னோர் உதாரணம் இது. ஆர்மோனியத்தைச் சிங்களத்தில் 'சர்ப்பினா' என்பார்கள். மேலே சொன்ன 'செரபீன்' அந்தச் சொல்லுக்குள் மறைந்திருப்பது கூர்ந்து கேட்டால் தெரியும்.

தமிழ் மேடையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் ஆர்மோனியத்தைக் கதாநாயகனுக்கு அடுத்த இடத்தில் வைத்தன. வலப்பக்கத்தில் பெட்டியோடு இருப்பவர் சுருதி கொடுப்பார், பிற்பாட்டுப் பாடுவார், நடிகர் தடுமாறினால் அடியெடுத்தும் கொடுப்பார். கிட்டப்பாவுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்தார். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்தார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் ஐந்தரைக் கட்டை தேவைப்பட்டது. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் வசந்தகான சபை யாழ்ப்பாணத்தில் இந்த மரபை நம் காலம்வரை கொண்டுவந்தது. அவருடைய 'மயான காண்ட'த்தை ஆர்மோனியம் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது.

கொட்டியாபுரத்துக் கூத்து இதிலிருந்து வேறுபட்டது. நமது வட்டக்களரியில் அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும் போதும். ஆர்மோனியம் அங்கே பிந்தி வந்த விருந்தாளி. எங்கள் பக்கத்து ஊர்களில் அது காலூன்றியது கோயில் பஜனையிலும், நவராத்திரிக் கும்ப காலத்திலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடசாலையிலும்தான்.

பெட்டியின்மேல் தொடுத்த வழக்கு

இனி எதிர்த்தரப்பைக் கேட்போம். அது வலுவான தரப்பு. கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கீழைத்தேயக் கலைகளைக் காக்க எழுந்த முதற் குரல்களில் ஒருவர். சேர் முத்து குமாரசுவாமியின் மகன். கிராமபோனும் ஆர்மோனியமும் நமது இசையைக் கெடுக்கின்றன என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். பாரதியாரும் சங்கீதத்தைப் பற்றிய தமது கட்டுரையில் இந்தப் பெட்டியைச் சாடினார். தாகூருக்கும் அது பிடிக்கவில்லை.

அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, இந்தப் பெட்டி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டுகிறது. அந்தர காந்தாரம் ஆதார ஷட்ஜத்தோடு ஐந்துக்கு நான்கு என்ற இயல்பான விகிதத்தில் நிற்கும்போது காதுக்கு இனிக்கும். பெட்டியில் அது சற்று ஏறியே நிற்கிறது. இரண்டு, கட்டையிலிருந்து கட்டைக்குத் தாவலாமே தவிர வழுக்கிப்போக முடியாது. தோடியின் காந்தாரமும் பைரவியின் நிஷாதமும் ஒரு புள்ளியில் நிற்பவை அல்ல. அசைவே அவற்றின் உரு. கமகம் இல்லாத இராகம் எலும்புக்கூடு.

அகில இந்திய வானொலியின் டில்லி நிலையத்தில் மேலைத்தேய இசைக்குப் பொறுப்பாக இருந்த ஜோன் போல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளரும் 1938 இல் இதே கருத்தை எழுதினார். 1940 மார்ச் மாதம் முதல் அந்த வானொலியில் ஆர்மோனியம் தடைசெய்யப்பட்டது. ஐரோப்பியப் பெட்டி ஒன்றிடமிருந்து இந்திய இசையைக் காப்பாற்ற ஓர் ஆங்கிலேயர் வாதாட, ஆங்கில ஆட்சியின் வானொலியே அதைத் தடைசெய்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் தடை நீடித்தது. 1971 இல்தான் தளர்ந்தது; தனிக்கச்சேரிக்கு அதன் பின்னும் நெடுங்காலம் இடமில்லை. 1952 இல் அதே வானொலி திரைப்பாட்டையும் ஒதுக்கியபோது, இலங்கை வானொலிதான் அந்தப் பாட்டுகளைக் கடல் தாண்டி அனுப்பியது.

இந்த வழக்கில் இரண்டு சாட்சிகளை எவரும் விசாரிக்கவில்லை. முதற்சாட்சி சுருதிப்பெட்டி. கட்டை இல்லாத ஆர்மோனியமே சுருதிப்பெட்டி. அதே துருத்தி, அதே பித்தளை நாக்கு. பெட்டியைத் தள்ளிவைத்த கச்சேரி மேடைகளில் தம்புராவுக்குப் பதிலாக அது உட்கார்ந்திருந்தது. இரண்டாவது சாட்சி முதலில் சொன்ன 'கட்டை' என்ற சொல். ஆர்மோனியம் ஆகாது என்ற வித்துவானும் தன் குரலை ஆர்மோனியக் கட்டையால்தான் அளந்தார்.

நமக்குப் பெருமை தரும் இன்னொரு மனிதரும் இங்கே நினைக்கப்படவேண்டியவர். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் திருகோணமலைக்கு நெருங்கிய உறவினர். 1925 இல் இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபோது அதை நடத்தியவர் அவர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் சில அடிகளை வைத்துக்கொண்டு, மறைந்துபோன யாழின் வடிவையும் பண்களின் கணக்கையும் தேடினார். விஞ்ஞானம் படித்தவர், சுருதிகளை எண்ணாலும் விகிதத்தாலும் அளந்தார். 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவர் தேடிய நுண்சுருதிகளை ஆர்மோனியம் ஒருபோதும் தரமாட்டாது. ஆனாலும் அவர் வளர்த்த பாடசாலைகளின் பிள்ளைகள் பிரார்த்தனை பாடியது ஆர்மோனியத்தோடுதான். இதை ஒரு முரண்பாடாக நாங்கள் எண்ணவில்லை. யாழை அறிஞர் தேடட்டும்; நானூறு பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கு ஒரே சுருதியில் நிறுத்த வேறு கருவி வேண்டும். இந்த இரண்டு வேலையும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

பெண்பிள்ளையும் பெட்டியும்

கல்லூரி மண்டபத்தில் அந்தப் பெட்டி செய்த வேலையை எண்ணிப் பாருங்கள். வீணை நமது ஈரக் காற்றில் நாளுக்கொரு சுருதி காட்டும். வயலின் நன்றாக ஒலிக்கப் பல ஆண்டுகள் உழைக்கவேண்டும். தம்புராவைத் தூக்கிக்கொண்டு லோஞ்சில் ஏற முடியாது. ஆர்மோனியத்துக்குச் சுருதி கூட்டும் வேலையே இல்லை. மூடியை மூடிக் கொளுக்கியைப் போட்டால் ஒரு பயணப்பெட்டி. சங்கீத ரீச்சர் ஒரு கையால் காற்றடித்து, மறுகையால் வாசித்து, வாயால் பாடி, கண்ணால் கடைசி வரிசையில் கதைப்பவரையும் கண்டுபிடிப்பார். வேறெந்தக் கருவி ஓர் ஆசிரியையை இவ்வளவு சுதந்திரமாக விடும்?

இன்னொன்றும் உண்டு. பரம்பரை இசைக் குடும்பத்தில் பிறக்காத, குருகுலம் போக வழியில்லாத ஒரு பெண்பிள்ளை, சரளி வரிசையைக் கையால் தொட்டுக் கற்கக்கூடிய கருவி இதுவாகத்தான் இருந்தது. பெண்பார்க்க வருகிறவர்கள் முன் பாடிக் காட்டுவதற்காகச் சங்கீதம் படிப்பித்த காலம் ஒன்று இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காரணத்துக்காக வீட்டுக்குள் வந்த பெட்டி, அந்தக் காரணத்தோடு நின்றுவிடவில்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் தரம் தரமாக ஏறி, ஆசிரியைகளாகி, வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் போன நமது அக்காமார் எத்தனை பேர்! இப்பொழுது ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர்களுள் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

கொட்டியாரக் குடாவின் மறுகரையிலிருந்து வந்த எங்களுக்கு இதில் தனிப்பட்ட கடன் உண்டு. கங்கை, உப்பாறு, இறால்குழிப் பாலங்கள் எல்லாம் வருமுன் மூதூர் இறங்குதுறையிலிருந்து லோஞ்சில் வந்து விடுதியில் தங்கிப் படித்தோம். கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர், பள்ளிக்குடியிருப்பு என்று ஊர் வேறாக இருந்தாலும் நகரத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் எல்லோரும் 'மூதூர்ப் பிள்ளைகள்'தான். பேச்சில் வேறுபாடு தெரியும்; சாப்பாட்டுப் பெட்டியில் வேறுபாடு தெரியும். மண்டபத்தில் பெட்டி ஒலித்து எல்லோரும் ஒரே கட்டையில் பாடத் தொடங்கினால் அந்த வேறுபாடு கேட்காது.

பின்னர் நடந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. 1990, 2004, 2006 என்று மூன்று ஆண்டுகளைச் சொன்னால் போதும். எங்கள் பக்கத்தார் மீதியைத் தாமே சொல்வார்கள். 2006 இல் மூதூர் கிழக்கு முழுவதும் எழும்பி வெருகல் தாண்டி வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடியது. திரும்பி வந்தபோதும் சம்பூர் மக்கள் தம் காணிக்குள் போகமுடியாமல் கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் முகாம்களில் பல ஆண்டுகள் இருந்தார்கள். 2015க்குப் பிறகே நிலங்கள் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தன. ஓடும்போது பிள்ளை, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஒரு பானை எடுத்தோம். ஆர்மோனியத்தை எடுத்து ஓடியவர் யாராவது இருக்கிறார்களா? பஜனை மடங்களிலும் சிறிய பாடசாலைகளிலும் இருந்த பெட்டிகள் அப்படியே கிடந்தன. துருத்தியைக் கறையான் தின்றது. கடற்காற்றில் நாக்குகள் பாசிபிடித்தன. மழையில் பலகை ஊதிக் கட்டைகள் எழும்ப மறுத்தன. நாக்கைத் துடைத்துத் துருத்திக்குத் தோல் ஒட்டத் தெரிந்தவர்களும் இடம்பெயர்ந்துவிட்டார்கள்.

இன்று எங்கள் ஊர்ப் பாடசாலைப் பக்கம் போனால் வேறோர் ஒலி கேட்கும். விளையாட்டுப் போட்டிக்கான அணிநடையில் சின்னப் பிள்ளைகள் மெலோடிக்கா ஊதுகிறார்கள். ஜேர்மனியின் ஹோனர் கம்பனி 1950களின் கடைசியில் செய்தது அது. யப்பானின் சுசுகி கம்பனி தனது கருவிக்கு வைத்த பெயரோ 'மெலோடியன்'! அமெரிக்க வீட்டுக் கூடத்தில் மறைந்த பெயர் யப்பான் வழியாகப் பிள்ளைகளின் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. உள்ளே அதே நாக்கு. துருத்திக்குப் பதிலாகப் பிள்ளையின் நுரையீரல். ஊதும் குழாயை ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மாற்றாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் குழாய் கொடுத்து, ஊதியபின் கழுவிக் காயவையுங்கள் என்று வைத்தியர்களாகவும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறோம்.

நூற்றாண்டில் ஒரு வேண்டுகோள்

சங்கத்தின் நூற்றாண்டு நினைவாக ஓர் இசைக்கூடம் கட்டவேண்டும் என்ற பேச்சு உறுப்பினர்களிடையே இருக்கிறது. நல்ல எண்ணம். என்ன பெயர் வைப்பது, எவருடைய பெயரைக் கல்லில் பொறிப்பது என்பதிலும் கருத்துகள் பல. சிலப்பதிகாரம் ஓர் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பே ஆடலாசான் யார், இசையாசான் யார், யாழாசான் யார் என்று ஒவ்வொருவரின் தகுதியையும் விரித்துச் சொல்லிவிடுகிறது. ஆசிரியர்கள் வந்த பின்தான் அரங்கு. இந்த ஒழுங்கை நாமும் பின்பற்றலாம் என்பது எங்கள் கருத்து.

கட்டடத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கையாவது முதலில் ஓர் இசையாசிரியையின் சம்பளத்துக்கு ஒதுக்குங்கள். கிழமையில் இரண்டு நாள் அவர் பாலங்கள் தாண்டி மூதூர் கிழக்குக்கு வரட்டும். இப்பொழுது லோஞ்சுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் புறப்பட்டால் முதற்பாடத்துக்கு வந்துவிடலாம். புதிய கருவிகளை அனுப்பி வைக்க விரும்பும் சகோதரிகளுக்கும் இதுவே எங்கள் பதில்: கருவி வந்த இடங்களை எங்களுக்குத் தெரியும். கற்பிக்க ஒருவர் இல்லாத பாடசாலையில் அது அலுமாரிக்குள் இருந்து, பரிசளிப்பு விழாவில் மேசைமேல் அழகுக்கு நிற்கும்.

இரண்டாவதாக, கல்லூரி மண்டபத்தின் பழைய ஆர்மோனியத்தைக் கண்ணாடிப் பேழையில் வைக்கவேண்டாம். அதைத் திருத்த முடியும். நாக்குகளைத் துடைத்து, கெட்டவற்றை மாற்றி, துருத்தியைப் புதிதாக மடித்து ஒட்டினால் அது இன்னும் ஒரு தலைமுறைக்கு ஒலிக்கும். மின்விசைக் கீபோர்ட் வந்துவிட்டதே என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: மின்சாரம் நின்ற ஆண்டுகளிலும் நாம் பாடியிருக்கிறோம்.

மூன்றாவதாக, இசையில் மேலே போக விரும்பும் பிள்ளையை அந்தப் பெட்டியோடு நிறுத்திவிடக்கூடாது. குமாரசுவாமியும் பாரதியும் சொன்ன குறை உண்மையானது. தோடியைப் பெட்டியில் கற்றால் தோடி வராது. சுருதியையும் சுரவரிசையையும் பெட்டி கொடுக்கட்டும். அதன்பின் வீணையும் வயலினும் குரலும் கற்பிக்க நல்ல ஆசான்களிடம் அனுப்ப நாம் புலமைப்பரிசில் கொடுக்கவேண்டும். கட்டைபறிச்சானில் பிறந்த பிள்ளை சுரவரிசையோடு நின்றுகொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பழைய மாணவியர் எங்கிருந்தாலும் இன்னோர் உதவியும் செய்யலாம். உங்கள் காலத்துப் பிரார்த்தனைப் பாட்டுகளில் நினைவில் உள்ளவற்றைப் பாடி ஒலிப்பதிவு செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். எந்த ஆண்டில் படித்தீர்கள், எந்த மெட்டில் பாடினீர்கள், எந்த ஆசிரியை சொல்லித்தந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே தேவாரம் 1950களில் ஒரு மெட்டிலும் 1980களில் இன்னொரு மெட்டிலும் பாடப்பட்டிருக்கலாம். அதை எழுதிவைத்த பதிவேடு எங்கும் இல்லை. நமது தொண்டையில்தான் இருக்கிறது. எண்பது வயதைத் தாண்டிய அக்காமாரிடம் முதலில் கேளுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, மெட்டு நடுங்காது. எத்தனை கட்டையில் பாடினீர்கள் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள். இங்குள்ள பிள்ளைகள் அதே கட்டையில் எடுத்துப் பாடுவார்கள்.